அரைக்கட்டை கூடிப்போன குரல்

அம்மா சொன்னதுதான் சரி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அவள் உயிரோடு இருந்தபோது என் வாயிலிருந்து இந்த ஒரு வாக்கியம் வரவே இல்லை.

நான் லேத் பட்டறைக்காரன். பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் முப்பத்தைந்து வருடமாக பம்புசெட்டுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் கண்ணால் பார்த்துச் சொல்கிறவனுக்கு மதிப்பு கிடையாது. "ஏறக்குறைய செரியா இருக்குதுங்க" என்று வேலைக்காரன் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அளவு கூடியிருந்தால் கூடியது, குறைந்திருந்தால் குறைந்தது, அதற்கு மேல் பேச்சில்லை. இந்தப் புத்தி பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது அதையும் உள்ளே வைத்துப் பூட்டாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குதுங்களா?" என்று என் மனைவி கேட்டால், "கொஞ்சம்னா எத்தனை கிராம்?" என்று திருப்பிக் கேட்கிற ஆள். அவள் இதற்கெல்லாம் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

அப்பா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவர். தடித்த, கீழே இறங்கி நிற்கிற குரல். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அம்மாவை மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மணி" என்று ஒரு தடவை கூப்பிடுவார். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், சம்பளம் வந்தது என்றாலும் அதுதான், மனசு சரியில்லை என்றாலும் அதுதான். எந்த அம்மணிக்கு எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, என்னிடம் கேட்பது மாதிரியும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது மாதிரியும் இல்லாமல் சொன்னாள்.

"அப்பா மொகம் அப்படியே தெரியுது கண்ணு. போட்டிருந்த சட்டைத் துணிகூட ஞாபகம் இருக்குது. கொரல்தான் வரவரத் தேஞ்சுக்கிட்டே போகுது. அம்மணின்னு கூப்புடுவாரே, அது மட்டும் எப்பவாச்சும் தூரத்துல கேக்கற மாதிரி இருக்குது. அதும் போயிருமோன்னு பயமா இருக்குது."

எண்பத்து மூன்று வயதில் அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாவைப் பற்றிப் பேசும்போதுகூட "கர்த்தர் கூப்புட்டாப் போறது" என்று சந்தைக்குப் போவது போலத்தான் சொல்வாள்.

அப்பாவின் குரல் வேறு எதிலும் இல்லை. எங்கள் கல்யாண வீடியோவில் அவர் பத்து இடத்தில் வாயசைக்கிறார். வீடியோ எடுத்த புண்ணியவான் எல்லா இடத்திலும் பாட்டைப் போட்டு நிரப்பிவைத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. நான் சிறுவனாக இருந்தபோது, சபைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் எழுப்பப் பணம் திரட்டுவதற்காகப் பாடகர் குழு கீர்த்தனைகளைப் பாடி ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டது. குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம். அதை அப்பா தனியாகப் பாடியிருக்கிறார். மொத்தம் ஒரு நிமிடம் பத்து நொடி. அதை அம்மா பீரோவில், கல்யாணப் புடவைக்கும் என் ஞானஸ்நான உடுப்புக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"அதை கம்ப்யூட்டர்ல ஏத்தி உனக்கு ஃபோன்லயே கேக்கற மாதிரி பண்ணித் தந்துர்றேன்" என்றேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு அப்போதே வேலையை முடித்துவிட்ட பெருமை.

டவுனில் இதற்கென்று ஒரு ஆள் இருந்தார். ரெக்கார்டை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய குடுக்காத கண்ணு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்றாள். அவர் கேட்ட கூலிக்கு நானும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். கையில் லேத்தை வைத்துக்கொண்டு ஒருத்தனிடம் போய் நிற்பதா என்று பரணில் ஏறி அப்பாவின் ரெக்கார்டு பிளேயரை இறக்கினேன். அவர் போன பிறகு யாரும் தொடாதது. மூடியைத் திறந்தால் கரப்பான் முட்டை.

சிக்கனம் என்றால் எப்படி என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஊசி உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கடைக்காரர் டப்பாவைக் கொட்டி, என்னையே பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். பழைய பிளேயர் என்பதால் அதன் ஊசித்தலை போதுமான சத்தம் கொடுத்தது. நடுவில் வேறு ஆம்ப்ளிஃபையர் வாங்கவேண்டிய செலவு மிச்சம். விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு ஒயர், பட்டறைப் பில் போடுகிற பழைய லேப்டாப், காசில்லாமல் இறக்கிக்கொள்கிற ஒரு சாஃப்ட்வேர். ரெக்கார்டைக் கழுவ இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு ஷாம்பு. அவ்வளவுதான்.

மோட்டாரைக் கழற்றியபோதுதான் அந்தப் புல்லி கண்ணில் பட்டது. மோட்டார் தண்டின் மேல் பித்தளையில் மூன்று படியாகக் கடைந்த சின்னத் துண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேகம். அந்தப் படியில் ஒட்டி ஓடுகிற ரப்பர் சக்கரம்தான் மேலே ரெக்கார்டு வைக்கிற தட்டைச் சுழற்றும். படி பருத்திருந்தால் தட்டு வேகமாகச் சுற்றும், மெலிந்திருந்தால் மெதுவாகச் சுற்றும். மற்ற இரண்டு படியும் கண்ணாடி மாதிரி இருந்தன. எல்.பி. ரெக்கார்டுக்கான படியை மட்டும் எவனோ அரம் வைத்து ராவியிருந்தான். ராவிய கோடுகள் அப்படியே தெரிந்தன. ஓடுகிற மோட்டாரில் அரத்தைக் கையால் பிடித்துத் தேய்த்திருக்கிறான். சுற்று எண்ணுகிற டாக்கோமீட்டரை வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று புள்ளி மூன்று சுற்று சுற்றவேண்டிய தட்டு, முப்பத்தொன்றரைதான் சுற்றியது. வழக்கம்போல நோட்டில் குறித்து வைத்தேன்.

நல்ல லேத்துக்காரன் அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும். மூன்று படியில் ஒன்றை மட்டும் ஏன் ஒருத்தன் ராவினான், ராவினவன் ஏன் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினான் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கைநாட்டு மெக்கானிக் எவனோ ரிப்பேர் என்ற பெயரில் கெடுத்துவைத்திருக்கிறான் என்று சத்தமாகவே திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பட்டறையில் புதுப் பித்தளைக் கம்பியில் புல்லி கடைந்தேன். மாட்டினேன், ஓட்டினேன், அளந்தேன். கொஞ்சம் கூடியிருந்தது. கழற்றி ஒரு சீவு சீவினேன். டாக்கோமீட்டரில் 33.3 என்று வந்து நின்று அசையாமல் இருந்ததைப் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய புல்லி பித்தளைச் சீவலோடு சேர்ந்து எடைக்குப் போனது.

ரெக்கார்டு செய்வது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் முடியும். மற்ற நாளெல்லாம் எங்கள் தெருவில் நாலு பக்கமும் லேத்தும் கிரைண்டரும் கத்தும். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சென்னிமலைப் போர்வையை நாலாக மடித்துப் பிளேயருக்கு அடியில் போட்டு உட்காருவேன். பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டதால் கோரஸ் வருகிற இடமெல்லாம் கரகரத்தது. இரண்டாம் வாரம் பாதியில் கரண்ட் போயிற்று. மூன்றாம் வாரம் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம், தூசியால் வருகிற டிக் டிக் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். அப்பா மூச்சு இழுக்கிற சத்தத்தில் கைவைக்கவில்லை. அவ்வளவு பக்குவமாகத்தான் செய்தேன். பக்குவத்தில் குறையே இல்லை என்பதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்தேன். அவள் முகம் கழுவி, ஜெபத்துக்கு உட்காருகிற மாதிரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கோரஸ் முடிந்து இரண்டாம் சரணம் ஆரம்பித்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து கேட்டாள். சரணம் முடிந்தது.

"இது ஆரு கண்ணு பாடறது?"

"அப்பாதாம்மா."

"இல்லியே." தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவராட்டமேதான் இருக்குது. ஆனா அவரில்ல. அவருக்குத் தம்பின்னு ஒருத்தரு இருந்தா இப்படி இருக்கும்."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் மூக்கு மேல் ஏறியது. நேராகப் போய் டாக்கோமீட்டரைக் கொண்டுவந்தேன். தட்டைச் சுற்றவிட்டு, அம்மாவின் கண்ணுக்கு முன்னால் அதைப் பிடித்தேன். கண்புரை ஆபரேஷன் செய்த கண். அவளுக்கு அந்தச் சிவப்பு எண் தெரிந்ததோ என்னவோ.

"பாரு, முப்பத்து மூணு புள்ளி மூணு. உலகத்துல எல்லா எல்.பி.யும் இந்த வேகத்துலதான் ஓடோணும். முந்தி நம்மூட்டுப் பொட்டி மெதுவா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை நாந்தான் சரி பண்ணினேன். இப்பத்தான் சரியான கொரல் வருது."

"அப்பவும் அப்பா என்னயத்தான் கண்ணு கேட்டு..."

"அப்பா என்னத்தக் கேட்டாரு? உனக்குக் காதும் சரியாக் கேக்கறதில்ல, ஞாபகமும் இல்ல. நீயேதான் கொரல் மறந்துபோச்சுன்னு சொன்னே. மறந்தவ எப்படி இது அவரில்லைன்னு சொல்றே?"

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். அம்மா முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"செரி கண்ணு. மீட்டர் சொன்னா செரியாத்தான் இருக்கும்."

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ரொம்பச் சிலாகிப்பார்கள். எதற்கெடுத்தாலும் "ங்க" போடுகிறோமாம். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இங்கே ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். "செரிங்க" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பட்டறையில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் "செரிங்க" என்று சிரித்த முகத்தோடு போயிருக்கிறார்கள்; திரும்ப வந்ததில்லை. அதெல்லாம் தெரிந்தும், அம்மா "செரி" என்றதும் சரி என்றே எடுத்துக்கொண்டேன். பெற்றவள்தானே, அவளுக்கு என்ன வாடிக்கையாளர் மரியாதை என்று நினைத்திருப்பேன் போல.

அந்தப் பாட்டை அவள் ஃபோனில் ஏற்றி, ஒரு சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தேன். தினம் காலையில் நான் காப்பி குடிக்கும்போது அதைப் போடுவேன். அவள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்பாள். "நல்லா இருக்குது கண்ணு" என்பாள். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்புவேன். மூன்று நாலு மாதம் இப்படியே போனது. சபையில் சிலரிடம், அம்மாவுக்கு அப்பா குரலைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, பாட்டு முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கமாட்டியே?"

"சொல்லு."

"முன்னெல்லாம் கண்ண மூடுனா அவரு அம்மணின்னு கூப்புடறது தூரத்துல இருந்து கொஞ்சம் கேக்கும். இப்ப அதும் இந்தக் கொரல்லதான் வருது. சின்னப் பையன் ஒருத்தன் அம்மணின்னு கூப்புடற மாதிரி. பழசைத் தேடித் தேடிப் பாக்கறேன், ஆப்படவே மாட்டேங்குது."

இதை அவள் அழாமல், தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "நல்லதுதானே, மறந்துபோச்சுன்னியே, இப்ப வந்துருச்சு பாரு" என்றேன். வண்டிச் சாவி கையில் இருந்தது. எட்டரைக்கு ஒரு பார்ட்டி ஷாஃப்டுக்காக வந்து நிற்பார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா, வந்துருச்சு. நீ போய்ட்டு வா கண்ணு" என்றாள்.

டிசம்பரில் குளிர் இறங்கியபோது அவளுக்குச் சளி கட்டியது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசித்த அங்கிளும் ஒருவர். அந்த ரெக்கார்டில் வாசித்தவர். அந்தக் குழுவில் இன்றைக்கு இருப்பவர் அவர் ஒருவர்தான். சுங்கம் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஒரு பிரதி கொடுக்கலாம் என்று ஒரு மாதம் கழித்துப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பாராட்டு தேவைப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

பாட்டு ஆரம்பித்து நாலு வரிகூடப் போகவில்லை. அங்கிள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் பேரப்பிள்ளைகள் வாசிக்கிற கீபோர்டு இருந்தது. அதை மடியில் வைத்து ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார். "நாங்க பாடுனது இது." அடுத்திருந்த கறுப்புக் கட்டையை அழுத்தினார். "உங்க ரெக்கார்டு நிக்கறது இதுல. அரைக்கட்டை கூட இருக்குதுங்க தம்பி."

"வேகம் சரியாத்தானுங்க அங்கிள் இருக்குது. நான் அளந்துதான் பண்ணுனேன்."

"நீங்க அளந்தது செரிதானுங்க. இசைத்தட்டே அப்படித்தான். எல்லாருக்கும் வந்த தட்டு இதேதான்." அவர் சிரித்தார். "ரெக்கார்டிங் அன்னிக்கு சர்ச்சுல கரண்ட் போயிருச்சு. ஆர்கன் காலுல மிதிக்கறது, அதுக்குத் தொந்தரவில்ல. ரெக்கார்டிங் பண்ண வந்தவரு மிசினைப் பேட்டரியில ஓட்டுனாரு. பேட்டரி எறங்க எறங்க டேப்பு மெதுவா ஓடிருக்குது, அது ஆருக்குந் தெரியல. மெதுவா ஓடுன டேப்பைச் செரியான வேகத்துல ஓட்டித் தட்டுப் போட்டா என்னாகும்? எல்லாப் பாட்டும் வேகமாயிருச்சு. தட்டு வந்து போட்டுக் கேட்டா நாங்க பூராவும் சண்டே கிளாஸ் பசங்களாட்டம் பாடறோம். விழுந்து விழுந்து சிரிச்சோம். உங்கப்பா மட்டும் சிரிக்கல."

அவர் நிறுத்தவில்லை.

"ரெண்டு வாரம் கழிச்சு வந்து எங்கிட்டச் சொன்னாரு. 'எங்கூட்டுப் பொட்டியில செரி பண்ணிப்போட்டனுங்க'ன்னாரு. எப்படீங்கன்னு கேட்டேன். 'மோட்டார் புல்லியில அரத்தை வெச்சு ராவுனேன். கொஞ்சம் ராவறது, அம்மணியக் கூப்புட்டுக் கேக்கச் சொல்றது. அவ இன்னும் இல்லீங்கன்னா இன்னும் கொஞ்சம் ராவறது. இதுதான் நீங்கன்னு அவ சொன்னதும் அரத்தைக் கீழ வெச்சுட்டேன்'னாரு. காதுன்னா அது காதுங்க தம்பி. நான் ஒரு நாள் சுருதிப்பொட்டிய எடுத்துக்கிட்டு உங்கூட்டுக்கு வந்து வெச்சுப் பாத்தேன். மயிரிழை பிசகல."

அங்கிள் வீட்டிலிருந்து எப்படி வண்டியோட்டி வந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் அளவுக்கருவி இல்லாமல் இல்லை. மில் ஃபிட்டர் அவர், கருவிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர். இந்த ஒரு வேலைக்கு எதை வைத்து அளக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவை வைத்து அளந்திருக்கிறார். அந்தக் கருவிக்கு முன்னால்தான் நான் டாக்கோமீட்டரை நீட்டினேன். "அப்பவும் அப்பா என்னயத்தான் கண்ணு கேட்டு" என்று அவள் ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய் முடியவேண்டியது என்று இப்போது தெரிந்தது. அதை முடிக்க அவளுக்கு இன்னும் பத்து நொடி போதுமாயிருந்திருக்கும்.

வழியில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிறு வயதில் டீக்கடை ரேடியோவிலும் கல்யாண வீட்டு மைக்செட்டிலும் கேட்கிற பாட்டெல்லாம் எங்கள் வீட்டில் கேட்பதைவிட அவசரமாகப் பாடுவதுபோல எனக்குத் தோன்றும். டீக்கடைக்காரருக்குப் பொறுமையில்லை என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில்தான் எல்லா எல்.பி.யும் அரைக்கட்டை இறங்கி ஓடியிருக்கிறது. தன் ஒரு நிமிடம் பத்து நொடியை மனைவிக்குச் சரியாகக் கொடுப்பதற்காக அந்த மனிதர் மற்ற எல்லா எல்.பி.யையும் கெடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் சூரியனைக் கும்பிடுகிறவர் யாரும் இல்லை, இருந்தாலும் எனக்கு அந்தப் பழமொழி அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். நோட்டில் முப்பத்தொன்றரை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. புல்லி எடைக்குப் போய்விட்டாலும் எண் போகவில்லை. சாஃப்ட்வேரில் வேகத்தை மாற்றுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. பழைய எண்ணை ஒரு இடத்தில், புது எண்ணை ஒரு இடத்தில் போட்டு அழுத்தினேன். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஒரு தடவை ஓடியது. முடிந்துவிட்டது. காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அம்மா "அவரில்ல" என்று சொன்ன அந்த மத்தியானமே, எதிரில் உட்காரவைத்து, "இது செரியா, இன்னும் கொஞ்சம் கொறைக்கட்டுமா" என்று கேட்டுக் கேட்டு இதைச் செய்திருக்கலாம். அப்பா செய்ததும் அதுதான். அவருக்கு அரம் வேண்டியிருந்தது, எனக்கு அதுகூட வேண்டியதில்லை.

ஓட்டினேன். கோரஸ் நிதானமாக இறங்கியது. பிறகு அப்பா வந்தார். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் தடித்த குரல் கூடத்தில் எழுந்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், அறுபத்தொரு வயதில்.

மனைவி கையில் மாவோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவள் மருமகளாக வந்த பிறகு பன்னிரண்டு வருடம் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

"மாமா!" என்றாள். "ஏனுங்க, இது மாமா. இதெங்கீங்க இருந்துச்சு?"

நான் நடந்ததைச் சொன்னேன். புல்லி, அரம், அம்மாவின் காது, எல்லாவற்றையும். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். பிறகு, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சொன்னாள்.

"நீங்க போனதுக்குப் பொறவு அத்தை ஒருக்காக்கூட அந்தப் பாட்டைக் கேட்டதில்லீங்க. ஞாயித்துக்கெழமை நீங்க ரிப்பீட்ல போட்டுட்டு வெளிய போவீங்கல்ல, உங்க வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுனதும் 'அதை நிறுத்திப்போடு'ன்னு சொல்லிப்போடுவாங்க. காலைல உங்க முன்னாடி கேக்கறதோட செரி."

"புடிக்காமயா தினம் ஒக்காந்து கேட்டாங்க?"

"நீங்க போட்டீங்கன்னு கேட்டாங்க. 'பாவம், வேனல்ல ஃபேனக்கூடப் போடாம ஒக்காந்து எனக்காகச் செஞ்சிருக்கான். எங்கிட்ட இருந்த கொரல் போனாப் போகுது, அவன் மனசு சங்கடப்படக்கூடாது. நீ சொல்லிப்போடாத'ன்னாங்க."

எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அகப்பட்டவள் அவள்தான்.

"அவங்க சொல்லலைன்னா என்ன, நீ சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

அவள் கையிலிருந்த மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன்.